ரோட்டரி இன்ஜின் வைத்த விமானத்தில் கேபின் ஹீட்டர்: முழுமையான வழிகாட்டி

மாஸ்டா கார்களில் வந்த 13பி ரோட்டரி இன்ஜினையோ (பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் வகை), ஆர்எக்ஸ்-8 காரில் வந்த ரெனிசிஸையோ தன் கையால் கட்டிய விமானத்தில் பொருத்தி, அது ஒழுங்காக ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் எக்ஸ்பெரிமென்டல் சான்றிதழில் (கையால் கட்டிய விமானங்களுக்குக் கிடைப்பது) பறக்கும், இன்ஜின் முன்னால் உள்ள ஆர்வி வகை விமானங்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். கோஸி, லாங்-ஈஸி போல இன்ஜின் பின்னால் இருப்பவற்றுக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு.

வட அமெரிக்க மாநிலமான விஸ்கான்சின் பக்கம் ஜனவரியில் தரையில் 0 டிகிரி செல்சியஸ் இருந்தால் அது நல்ல நாள். மேலே ஏற ஏற 1000 அடிக்குச் சுமார் 2 டிகிரி குறையும். 8000 அடியில் −16 ஆகிவிடும். அந்தக் குளிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் விரல் மரத்துப்போகும், முடிவெடுப்பதும் மந்தமாகும். ஹீட்டரைச் சொகுசுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை இரண்டு விதிகள். ஒன்று, ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புச் சுவர்) தாண்டி உள்ளே காற்று மட்டும்தான் வர வேண்டும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம், கீழே பல இடங்களில் தண்ணீர் என்றே சொல்கிறேன்), எண்ணெய், எக்ஸாஸ்ட் புகை மூன்றும் இன்ஜின் பக்கமே நிற்க வேண்டும். இரண்டு, ஹீட்டர் உடைந்தால் விமானிக்குக் குளிரலாம், ஆனால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. குழம்பும் இடத்தில் இந்த இரண்டையும் வைத்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

கேபினில் கார்பன் மோனாக்சைடு (எக்ஸாஸ்ட் புகையில் உள்ள விஷவாயு) அளவை எண்ணாகக் காட்டும் மீட்டர் ஒன்று வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டும் அலாரம் போதாது. அமெரிக்க வீட்டு அலாரங்கள் 70 பிபிஎம் (பத்து லட்சத்தில் 70 பங்கு) அளவில் ஒரு மணி நேரம் வரை சத்தம் போடாமல் இருக்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. சான்றிதழ் பெற்ற சிறு விமானங்களின் கேபினுக்கு விதி வைத்த உச்சவரம்பே 20,000-ல் ஒரு பங்கு, அதாவது 50 பிபிஎம்.

கூலன்ட் வெப்பநிலை மீட்டர் எல்லோரிடமும் இருக்கும். அதோடு கூலன்ட் அழுத்த மீட்டரும் வேண்டும். ஹோஸ் பிய்ந்து தண்ணீர் வெளியேறினால் வெப்பநிலை சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டு, எல்லாம் சரி என்பது போலக் காட்டும். அழுத்தம்தான் முதலில் விழும். ஹீட்டர் சேர்ப்பது என்றால் தண்ணீர் ஒழுக இன்னும் நாலைந்து இடம் சேர்ப்பது என்று அர்த்தம். அதனால் அழுத்த மீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இவை போக ஒரு சாதாரண தெர்மாமீட்டர், நல்ல டார்ச், ஒரு ரோல் அலுமினிய டேப்.

2. குளிர் வரும் வழியை அடையுங்கள்

புதிதாக வருபவர்கள் ஹீட்டர் கோரை (சூடான கூலன்ட் உள்ளே ஓட, மேலே போகும் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) வாங்கி வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்கவே வருகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

பறக்கும்போது கேனபியின் (கேபினை மூடும் கண்ணாடிக் கூரை) மேல் காற்று வேகமாக ஓடுவதால், பெரும்பாலும் கேபினுக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அந்த உறிஞ்சல் வால்பகுதி வழியாக, இறக்கையின் வேர்ப்பகுதி வழியாக, கட்டுப்பாட்டுக் கம்பிகள் நுழையும் ஓட்டைகள் வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். கழுத்துக்குப் பின்னால் ஜில்லென்று அடிக்கிறது என்றால் காரணம் இதுதான். இந்த நிலையில் எவ்வளவு பெரிய ஹீட்டர் வைத்தாலும் கால் சுடும், முதுகு நடுங்கும்.

ஒரு குளிர் நாளில் பறந்து, கையை வைத்துப் பார்த்துக் காற்று வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையிறங்கியதும் அவற்றை அலுமினிய டேப்பால் தற்காலிகமாக மூடி மறுபடி பறந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்த இடங்களை மட்டும் நிரந்தரமாக அடையுங்கள். சீட்டுக்குப் பின்னால் சாமான் இடத்துக்கும் வாலுக்கும் நடுவே துணித் தடுப்பு ஒன்று போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் விமானங்கள் உண்டு. கட்டுப்பாட்டுக் கம்பி போகும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். அங்கே போடும் உறை கம்பியின் முழு அசைவுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

இந்த அடைப்பு வேலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே உறிஞ்சல் எக்ஸாஸ்ட் புகையையும் உள்ளே இழுக்கும். குளிரை நிறுத்தினால் புகையும் நிற்கும்.

3. கூலன்ட் எத்தனை டிகிரியில் ஓடுகிறது?

ரோட்டரி விமானங்களில் பலர் தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் சூடேறும் வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு) கழற்றிவிடுகிறார்கள். கோடையில் இன்ஜின் சூடாகிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஜனவரியில் அதே இன்ஜின் 55, 60 டிகிரியிலேயே சுணங்கிக்கொண்டிருக்கும். கூலன்ட் 60 டிகிரி என்றால் அதைவிடச் சூடான காற்றை எந்தக் கோராலும் தர முடியாது. ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பங்கு ஹீட்டரால் வருவதே இல்லை, இங்கேதான் தொடங்குகிறது.

குளிர்நாளில் மட்டமாகப் பறக்கும்போது கூலன்ட் 80 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ரேடியேட்டரின் காற்று வெளியேறும் வாயில் திறந்து மூடும் தகடு வைக்கலாம். குளிரில் அதைச் சுருக்கினால் கூலன்ட் சூடேறும், காற்றுத் தடையும் குறையும். எனக்குப் பிடித்த வழி இது. அல்லது தெர்மோஸ்டாட்டை மறுபடி போடலாம். போடுவதானால் மாஸ்டாவுக்கான சரியான தெர்மோஸ்டாட்டையே போடுங்கள். அதன் அடியில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை மூடும். தட்டு இல்லாத வேறொன்றைப் போட்டால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி வரும், இன்ஜின் கொதிக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியபோது பைபாஸை அடைத்திருந்தால், மறுபடி போடும் முன் அந்த அடைப்பையும் எடுக்க மறக்காதீர்கள்.

4. எவ்வளவு சூடு வேண்டும்: ஒரு கணக்கு

வெளியே −16, உள்ளே 18 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 34 டிகிரி.

இரண்டு பேர் உட்காரும் சிறு கேபினின் கேனபியும் தகடும் சேர்த்து 9 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், அவை வழியே போகும் இழப்பு சுமார் 1.8 கிலோவாட். ஹீட்டர் வழியே நொடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று உள்ளே வருகிறது என்றால், அந்தக் காற்றை 34 டிகிரி ஏற்றவே இன்னொரு 2 கிலோவாட் வேண்டும். ஆக மொத்தம் 4 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஹீட்டரிலிருந்து வரும் காற்று 48 டிகிரி இருந்தால் போதும். 80 டிகிரி கூலன்ட் ஓடும் ஒரு சின்னக் கோரால் அது தாராளமாக முடியும். கடையில் மணிக்கு 12,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு) என்று விற்கும் கோர் 3.5 கிலோவாட், அதற்கு அடுத்த அளவை எடுத்தால் சரி.

இன்ஜினோ கூலன்ட்டிலும் எண்ணெயிலுமாகப் பல பத்துக் கிலோவாட் சூட்டை வீணாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. 4 கிலோவாட் அதற்குப் பொருட்டே இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு எக்ஸாஸ்ட்டைச் சுற்றி ஹீட்டர் கட்ட ஆசைப்படுவதில்லை.

5. வழிகளில் எதை எடுப்பது?

எக்ஸாஸ்ட் மஃப். லைகமிங், கான்டினென்டல் போன்ற பிஸ்டன் விமான இன்ஜின்களில் வழக்கமாக இருப்பது இதுதான். எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஒரு தகட்டு உறை போட்டு, இரண்டுக்கும் நடுவே காற்றை ஓட்டிக் கேபினுக்கு அனுப்புவார்கள். அந்த இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் வாயு பொதுவாக 700, 800 டிகிரி. ரோட்டரியில் 900-ஐத் தாண்டும். வாயு வெளிவரும் அடியும் கடுமையானது. 304 ரக ஸ்டெயின்லெஸ் குழாய் அந்தச் சூட்டில் சீக்கிரம் தளர்ந்து விரிசல் விடும். விரிசல் மஃப்புக்குள் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது, புகை நேராகக் கேபினுக்கு வரும். 2019 ஜனவரி 21-ல் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த பைப்பர் மலிபுவை நினைவில் வையுங்கள். அதில் பயணம் செய்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் இரத்தத்தில் ஹீமோகுளோபினில் 58 சதவீதம் கார்பன் மோனாக்சைடோடு பிணைந்திருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. அது ரோட்டரி இல்லை, சாதாரண பிஸ்டன் இன்ஜின்தான். அங்கேயே அப்படி என்றால் இங்கே எவ்வளவு கவனம் வேண்டும் என்று யோசியுங்கள்.

மஃப்புக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஹீட்டரை மூடியபோதும் அதற்குள் காற்று ஓடி வெளியே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் குழாய் உள்ளேயே வெந்துவிடும். ரோட்டரிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், மஃப்புக்குள் வெல்டிங்கோ இணைப்போ இல்லாதபடியும், குழாய் 321 ஸ்டெயின்லெஸ் அல்லது இன்கோனெலாக இருக்கும்படியும், இன்ஜினிலிருந்து முடிந்த அளவு தள்ளி இருக்கும்படியும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் மஃப்பைக் கழற்றிப் பாருங்கள்.

ரேடியேட்டரின் பின்னால் வரும் காற்று. தனிக் கோர் வேண்டாம், எடை வேண்டாம் என்பதால் இது ஈர்க்கும். ஆனால் ரேடியேட்டரைக் கடக்கும் காற்று தோராயமாக 40 டிகிரிதான் ஏறும். −16-ல் உள்ளே போனால் 24-ல் வெளியே வரும். கேபின் 18-ல் இருக்கும்போது 24 டிகிரிக் காற்று எதையும் சூடாக்காது. வெளியே 5, 10 டிகிரி இருக்கும் ஊர்களுக்கு இது போதும். வடக்கே போதாது.

எண்ணெய் கூலரின் பின்னால் வரும் காற்று. ரோட்டரியில் ரோட்டர்களைக் குளிர்விப்பதே எண்ணெய்தான் என்பதால் அதில் சூடு நிறைய உண்டு. அளவுக் கணக்கு மேலே சொன்னதேதான். கூடுதல் ஆபத்து, ஒரு இணைப்பு கசிந்தால் எண்ணெய்த் தூவல் கேபினுக்குள் வந்து கண்ணாடியில் படலமாக ஒட்டும். தரையிறங்கும் நேரத்தில் முன்னால் எதுவும் தெரியாது. எண்ணெய்க் குழாயையே கேபினுக்குள் கொண்டுவரும் யோசனை வந்தால் அதைக் கைவிடுங்கள்.

மின்சாரம். சூடேறும் மேலாடை, கையுறை, சீட் பாய். ஆளுக்கு 100 வாட்டை ஒட்டி வரும். இருவருக்கு 14 வோல்ட்டில் சுமார் 15 ஆம்பியர். உடலை நேராகச் சூடாக்குவதால் கேபின் குளிர்ந்திருந்தாலும் ஆள் தாங்கும். ஆனால் ரோட்டரியில் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன் எல்லாமே மின்சாரத்தை நம்பியவை. ஆல்டர்னேட்டர் நின்றால் பேட்டரியில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு ஆம்பியரும் இன்ஜினுக்குச் சொந்தம். அதனால் சூட்டு உடைகள் ஒரே ஸ்விட்சில் அணைக்கக்கூடிய, அவசியமில்லாத சுமைகளின் வரிசையில் இருக்க வேண்டும்.

பெட்ரோல் எரிக்கும் ஹீட்டர். எடை, தனிப் பெட்ரோல் குழாய், தனி எக்ஸாஸ்ட். கூலன்ட்டில் இவ்வளவு சூடு இலவசமாக இருக்கும்போது இது தேவையே இல்லை.

கூலன்ட் கோர். காரில் இருப்பது போலவே. கூலன்ட் வழக்கமாக 80, 90 டிகிரியில்தான் ஓடும், அதனால் கோரும் அதற்கு மேல் சுடாது. மூடினால் சும்மா மூடிவிடலாம், மஃப் போலக் காற்றை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. உடைந்தால் வருவது இனிப்பு வாசனையோடு கூடிய நீராவி. விஷப்புகை போலில்லாமல் மூக்கும் கண்ணும் உடனே கண்டுபிடிக்கும். இன்ஜின் விசையைக் குறைத்துக் கீழே இறங்கும்போதும் சில நிமிடம் சூடு தங்கும். இனி வரும் படிகள் எல்லாம் இந்த வழிக்கானவை.

6. கோரை எங்கே வைப்பது?

ஃபயர்வாலின் இன்ஜின் பக்கத்தில், ஒரு தகட்டுப் பெட்டிக்குள். கேபினுக்குள் இல்லை.

காரில் டாஷ்போர்டுக்கு அடியில்தானே இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். காரில் கோர் வெடித்தால் ஓரமாக நிறுத்தி இறங்கிவிடலாம். 8000 அடியில் 85 டிகிரித் தண்ணீர் காலில் கொட்டினால் இறங்க இடமில்லை.

பெட்டியை ஃபயர்வாலில் திருகுங்கள், இன்ஜினில் வேண்டாம். இன்ஜின் தன் ரப்பர் மவுண்ட்டில் ஆடும்; பெட்டி ஆடாது. இரண்டுக்கும் நடுவே போகும் ஹோஸில் அந்த ஆட்டத்துக்கான வளைவை விட்டு வையுங்கள். இறுக்கி இழுத்த ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் பிய்யும்.

பெட்டியின் உயரத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கோரின் மேல்முனை கூலன்ட் தொட்டியின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் காற்று தானாக மேலேறித் தொட்டிக்குப் போகும். அதற்கு மேலே இருந்தால் கோருக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். வேறு இடமே இல்லை என்றால், கோரின் உச்சியிலிருந்து தொட்டிக்கு ஒரு மெல்லிய காற்றுக்குழாய் போட இடம் ஒதுக்குங்கள்.

பொருத்தும் முன் கோரைத் தனியாகச் சோதியுங்கள். உங்கள் ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் காற்றை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் முக்கி வையுங்கள். குமிழி வந்தால் அந்தக் கோர் வேண்டாம். பழைய காரில் கழற்றியதை வாங்காதீர்கள். மிச்சமாகும் பணத்துக்கு அந்த ஆபத்து தகாது.

7. தண்ணீர் இணைப்பு

இந்தப் பகுதியில் அவசரம் கூடாது. ரோட்டரி தண்ணீர் இல்லாமல் தாங்கவே தாங்காது. அலுமினிய ரோட்டர் ஹவுசிங்குகள் (ரோட்டர் சுழலும் கூடுகள்) இரும்புத் தட்டுகளுக்கு நடுவே அடுக்கப்பட்டு, இடையில் ரப்பர் வளையங்கள் கூலன்ட்டைத் தடுத்து நிற்கின்றன. ஒருமுறை அதிகச் சூடானால் ஹவுசிங் வளையும், வளையம் கருகும், இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டியதுதான்.

எங்கிருந்து எடுப்பது: 13பி-யின் பின்பக்க இரும்பு ஹவுசிங்கில் கார் ஹீட்டருக்கென்றே ஒரு முனை இருக்கிறது. அதிலிருந்து எடுங்கள். எங்கே திருப்புவது: தண்ணீர் பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்கு. புதியவர்கள் திருப்பும் ஹோஸை ரேடியேட்டருக்குப் போகும் குழாயில் இணைத்துவிடுவார்கள், அருகில் இருக்கிறது என்பதற்காக. இரண்டு முனையிலும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம் இருப்பதால் கோருக்குள் தண்ணீர் நகராது. ஹோஸ் தொடச் சூடாக இருக்கும், கோர் குளிர்ந்தே கிடக்கும்.

எவ்வளவு ஓட்டம்: நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் போதும், 4 கிலோவாட் வந்துவிடும். அதற்கு மேல் விடுவது நஷ்டம். ஹீட்டர் வழியே போகும் தண்ணீர் ரேடியேட்டரைத் தொடாமல் பம்புக்குத் திரும்புகிறது. வெயில் நாளில் ஹீட்டர் காற்றை மூடிவைத்திருந்தால் அந்தத் தண்ணீர் குளிராமலே சுற்றும். எனவே இன்ஜின் முனையிலேயே 6 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள ஒரு தடுப்பைப் போடுங்கள். போதவில்லை என்றால் பிறகு 7 ஆக்கலாம். இன்ஜின் முனையில் போடுவதற்கு இன்னொரு பலனும் உண்டு. அப்புறம் எங்கே ஹோஸ் பிய்ந்தாலும் தண்ணீர் அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் போக முடியும். வால்வை மூட உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

வால்வு: தடுப்புக்கு அடுத்தபடியாக, இன்ஜினை ஒட்டியே ஒரு பித்தளை பால் வால்வு (உள்ளே ஓட்டை உள்ள உருண்டை திரும்பி வழியை மூடும் வகை). கேபினிலிருந்து கேபிளால் இயக்கும்படி. கார்களில் வரும் பிளாஸ்டிக் ஹீட்டர் வால்வுகள் காலப்போக்கில் வெடிக்கும், அவை வேண்டாம்.

திரும்பும் பக்கத்தில் இன்னொரு பால் வால்வைப் போட வேண்டும் என்றுதான் தோன்றும். போடாதீர்கள். இரண்டையும் மூடினால் நடுவில் அடைபட்ட கூலன்ட் சூட்டில் விரிந்து, போக வழியில்லாமல் கோரைப் பிளக்கும். அங்கே மெலிதான ஸ்பிரிங் கொண்ட ஒருவழி வால்வைப் பம்பை ஒட்டிப் போடுங்கள். விரியும் தண்ணீர் இன்ஜின் பக்கம் போய்விடும், இன்ஜின் தண்ணீர் கோர் பக்கம் திரும்பி வராது. முன்னால் பால் வால்வு, பின்னால் ஒருவழி வால்வு என்று இருந்தால், பறக்கும்போது கோர் உடைந்தாலும் ஒரு கேபிளை இழுத்து ஹீட்டரை முழுதாகத் துண்டித்துவிடலாம். கோரிலும் ஹோஸிலும் இருந்தது மட்டுமே போகும். 16 மில்லிமீட்டர் ஹோஸ் ஒரு மீட்டருக்கு 0.2 லிட்டர்தான் பிடிக்கும்.

ஹோஸ்: நல்ல இபிடிஎம் ரப்பர் ஹீட்டர் ஹோஸ் போதும். ஆனால் எண்ணெய் பட்டால் உப்பிவிடும், அதனால் எண்ணெய்க் குழாய்களுக்கு அடியில் போகாதபடி வழி அமையுங்கள். சிலிகோன் ஹோஸ் போட்டால் உள்பட்டை உள்ள கிளாம்ப் அல்லது ஸ்பிரிங் கிளாம்ப்தான். ஓட்டை உள்ள சாதாரணக் கிளாம்ப் சிலிகோனை அறுக்கும். ஹோஸ் ஏறும் ஒவ்வொரு குழாய் முனையிலும் ஒரு புடைப்பு வளையம் இருக்க வேண்டும். வழுக்கையான முனையில் எவ்வளவு முறுக்கினாலும் ஹோஸ் ஒரு நாள் கழன்று வரும்.

8. காற்றுப் பாதை

காற்று வெளியிலிருந்து நேராக வர வேண்டும். கவ்லிங்குக்குள் (இன்ஜினை மூடும் உறை) சுற்றும் காற்றை எடுக்காதீர்கள். அதில் பெட்ரோல் ஆவி இருக்கலாம், எண்ணெய் வாசனை இருக்கும், எக்ஸாஸ்ட் இணைப்பு கசிந்தால் புகையும் இருக்கும். தனி நுழைவாய், அதிலிருந்து கோர் பெட்டிக்கு 50 மில்லிமீட்டர் குழாய். பெட்டிக்குப் பிறகு 63. சூடான காற்று விரியும் என்பதால் வெளிவரும் குழாய் ஒரு அளவு பெரிதாக இருப்பது நல்லது.

குழாய்க்குச் சிவப்பு நிற ஸ்காட் வகையை எடுங்கள், 280 டிகிரிக்கு மேலும் தாங்கும். கறுப்பு நியோப்ரீன் குழாய் 150 டிகிரிதான் தாங்கும். கூலன்ட் சூட்டுக்கு அதுவே போதும் என்றாலும், எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கும் இடத்தில் தாங்காது.

ஃபயர்வாலில் காற்று நுழையும் ஓட்டைதான் இந்த முழு வேலையிலும் தீ சம்பந்தமான ஒரே இடம். அங்கே மூடும் வால்வு ஸ்டீலில் இருக்க வேண்டும். விலை குறைந்த அலுமினிய வால்வுகள் நிறைய விற்கின்றன. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஃபயர்வாலைச் சோதிக்கும் தீ 1100 டிகிரி, 15 நிமிடம். அலுமினிய வால்வு வைப்பதும் ஃபயர்வாலில் 63 மில்லிமீட்டர் ஓட்டை விட்டுவைப்பதும் ஒன்றுதான். வால்வு மூடியபின் அதன் விளிம்பில் வெளிச்சம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உள்ளே காற்றைக் காலடியில் விடுங்கள். ஒரு சின்னக் கிளையைக் கேனபி கண்ணாடிக்கு அனுப்புங்கள், பனிப்படலம் நீங்க. அப்புறம் காற்று வெளியேறவும் ஒரு வழி வேண்டும். எல்லா இடத்தையும் அடைத்துவிட்டு வெளியேறும் வாயை மறந்தால், உள்ளே அழுத்தம் ஏறி, ஹீட்டர் காற்று வருவதே நின்றுபோகும்.

9. கூலன்ட் நிரப்புதல், காற்று நீக்குதல்

ஹீட்டர் வால்வை முழுதாகத் திறந்து வைத்து நிரப்புங்கள். மூடிவைத்து நிரப்பினால் கோர் காலியாகவே இருக்கும். முதல் பறப்பில் வால்வைத் திறந்ததும் அந்தக் காற்று மொத்தமும் இன்ஜினுக்குள் போகும். ஸ்பார்க் பிளக் பக்கம்தான் ரோட்டரி ஹவுசிங்கில் அதிகம் சுடும் இடம். அங்கே காற்றுக் குமிழி நின்றால் அந்த இடம் மட்டும் வெந்துவிடும்.

மெதுவாக நிரப்பி, ஹோஸ்களைக் கையால் பிசைந்து, மூடி திறந்தபடியே இன்ஜினை ஓட்டிச் சூடாக்குங்கள். குமிழி நின்றதும் மூடிபோட்டு, இன்ஜினை அணைத்து, முழுதாக ஆறவிட்டு மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றி மறுபடி செய்யுங்கள். ஆறிய பிறகு மட்டம் இறங்காமல் இருந்தால்தான் வேலை முடிந்தது. சூடான இன்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள்.

10. சோதனை

தரையில்: எக்ஸாஸ்ட் கசிவை முதலில் பாருங்கள், ஹீட்டர் கூலன்ட்டில் ஓடினாலும் சரி. வேக்குவம் கிளீனரின் ஊதும் முனையை எக்ஸாஸ்ட் வாயில் வைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது செய்ய வேண்டிய வேலை.

பிறகு இன்ஜினை ஓட்டி, ஹீட்டரைத் திறந்தும் மூடியும் கார்பன் மோனாக்சைடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பால் வால்வை மூடியதும் கோருக்குப் போகும் ஹோஸ் குளிர்கிறதா, திறந்ததும் திரும்பும் ஹோஸ் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

மேலே: ஏறும்போது, மட்டமாகப் பறக்கும்போது, மெதுவாக மூக்கை உயர்த்திப் பறக்கும்போது என்று மூன்று நிலையிலும் தனித்தனியாகப் பாருங்கள். மூக்கு உயர்ந்திருக்கும்போது எக்ஸாஸ்ட் புகை விமானத்தின் அடிவயிற்றை ஒட்டி ஓடும், அப்போதுதான் கேபினுக்குள் நுழையும். மட்டமாகப் பறந்து மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். எண் எங்கேயாவது ஏறினால் ஹீட்டரைக் குறைசொல்லும் முன், எந்த ஓட்டை வழியாக வருகிறது என்று 2-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

ஒரு முக்கியமான சோதனையை வெயில் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழு விசையில் ஏறும்போது ஹீட்டர் தண்ணீர் வால்வைத் திறந்தும் மூடியும் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். திறந்தபோது ஏறுகிறது என்றால், கோடையில் வால்வை மூடியே வையுங்கள் என்று டாஷ்போர்டில் ஒரு பட்டி ஒட்டுங்கள்.

எடை-சமநிலைத் தாளையும் திருத்துங்கள். கோர், பெட்டி, ஹோஸ், அதிலுள்ள தண்ணீர் எல்லாம் சேர்ந்து சில கிலோ வரும், அதுவும் மூக்கின் பக்கம். லாக்புக்கில் எழுதிவையுங்கள்.

11. இன்ஜின் பின்னால் இருந்தால்

கோஸி, லாங்-ஈஸி, வெலாசிட்டி வகைகளில் சூடு பின்னால், கால்கள் முன்னால். கோரை முன்னால் வைக்க வேண்டுமானால் தண்ணீர்க் குழாய் கேபினின் நீளம் முழுதும் ஓட வேண்டும். அது முதல் விதியை மீறும். காற்றைப் பின்னாலிருந்து முன்னால் குழாயில் கொண்டுவரலாம். ஆனால் நீளத்தில் சூடு கரையும், குழாய்க்குக் காப்பு உறை சுற்ற வேண்டும்.

இந்த வகைகளுக்கு என் தேர்வு: பின்பக்க ஃபயர்வாலில் கோர், காப்பு சுற்றிய காற்றுக்குழாய் சீட்டுகளின் நடுவே, கால்களுக்கு மட்டும் மின்சாரச் சாக்ஸ். தண்ணீரை முன்னால் கொண்டுபோயே தீருவேன் என்பவர்கள் கேபினுக்குள் ஒரே ஒரு இணைப்புகூட இல்லாத முழு அலுமினியக் குழாயைப் போட்டு, அதை மூடிய கால்வாய்க்குள் ஓட்டி, அந்தக் கால்வாயின் வடிகாலை வெளியே விடுங்கள். பால் வால்வும் ஒருவழி வால்வும் அங்கே கட்டாயம்.

12. பறக்கும்போது கோளாறு வந்தால், அப்புறம் பராமரிப்பு

இனிப்பு வாசனை, கண்ணாடியில் பிசுபிசுப்பு, கேபினில் ஆவி: ஃபயர்வால் காற்று வால்வை மூடுங்கள், தண்ணீர் வால்வை மூடுங்கள், வெளிக்காற்றைத் திறங்கள், கூலன்ட் அழுத்தத்தைப் பாருங்கள். அழுத்தம் மேலும் விழாமல் நிலையாக நின்றால் அருகில் உள்ள ஓடுதளத்துக்கு நிதானமாகப் போகலாம். விழுந்துகொண்டே இருந்தால் ஒழுக்கு ஹீட்டரில் இல்லை, இன்ஜின் பக்கம் இருக்கிறது. விசையைக் குறைத்து உடனே இறங்குங்கள்.

மீட்டர் 50 பிபிஎம் காட்டினாலோ, தலைவலியோ மந்தமோ தெரிந்தாலோ, காரணம் தேடாமல் ஹீட்டரை மூடி, வெளிக்காற்றை முழுதாகத் திறந்து இறங்குங்கள்.

ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் இரண்டு கேபிள்களையும் முழுதாக இழுத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் தொடாத பால் வால்வு ஒரே இடத்தில் இறுகிவிடும். கிளாம்ப்களின் ஓரத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் படிவு தெரிந்தால் அங்கே மெல்லக் கசிகிறது என்று அர்த்தம். ஹோஸ்களை வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குளிர்காலம் தொடங்கும் முன் கோர் பெட்டியைத் திறந்து உள்ளே எலிக்கூடு, இலைச்சருகு இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். கோடை முழுதும் மூடிக்கிடந்த பெட்டி எலிகளுக்குப் பிடித்த இடம்.